ஏஞ்சல் பஸ்ஸில் புதுப்பாட்டு

பஸ்ஸில் பாட்டு டிரைவரின் உரிமை. டிக்கெட் கண்டக்டருக்கு, டீசல் முதலாளிக்கு, பாட்டு எனக்கு. தொடுபுழாவிலிருந்து ஈராற்றுப்பேட்டை வரை எந்த வளைவில் எந்தப் பாட்டு வர வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஏற்றத்தில் இரண்டாம் கியரில் இழுத்துக்கொண்டு போகும்போது சோகப்பாட்டு போட்டால் வண்டிக்கே மனசு விட்டுப்போகும்; அங்கே தாளம் வேண்டும். இறக்கத்தில் ரப்பர் தோட்டத்து நிழலுக்குள் நுழையும்போது புல்லாங்குழல் வர வேண்டும். இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. காது இருக்கிறவனுக்கு அது போதும்.

என் பெயர் தங்கச்சன். பஸ்ஸின் பெயர் ஏஞ்சல். குரியச்சன் முதலாளி இதுவரை இரண்டு தடவை வண்டியை மாற்றிவிட்டார், பெயரை மாற்றவில்லை, டிரைவரையும் மாற்றவில்லை. கேசட் காலத்தில் புதுப்பாட்டு வெளியாகும் நாளன்று, ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த கடையின் ஷட்டர் தூக்குவதற்கு முன்பே நான் போய் நிற்பேன். படம் தியேட்டருக்கு வருவதற்கு முன்னால் பாட்டு ஏஞ்சலுக்கு வந்துவிடும். காலேஜ்படி நிறுத்தத்தில் பிள்ளைகள் முன்னால் வருகிற பஸ்களையெல்லாம் போகவிட்டு ஏஞ்சலுக்காக நிற்பார்கள். என் ஹாரன் சத்தம் கேட்டதும் அங்கே ஒரு அசைவு வரும் பாருங்கள், அதைப் பார்ப்பதற்காகவே வளைவுக்கு முன்னால் ஒருமுறை கூடுதலாக ஹாரன் அடிப்பேன்.

இதில் ஒரு விஷயம் இருக்கிறது. எங்கள் தொழிலில் மாணவர்களை யாருக்கும் ஆகாது. கன்செஷன் டிக்கெட். சில்லறைக் காசைக் கொடுத்துவிட்டு, முழு டிக்கெட் எடுக்கும் ஆள் நிற்க வேண்டிய இடத்தை முதுகுப்பையோடு அடைத்துக்கொண்டு நிற்பார்கள். அதனால் காலேஜ்படி வந்தால் மற்ற டிரைவர்கள் நிறுத்தத்தைத் தாண்டி எங்கேயோ போய் நிறுத்தி, இறங்க வேண்டியவர்களை இறக்கிவிட்டு, பிள்ளைகள் ஓடிவந்து சேருவதற்குள் கிளப்பிவிடுவார்கள். நான் ஒருவன்தான் நிழற்குடைக்கு நேராக, முன்வாசல் அவர்கள் காலடியில் வருகிற மாதிரி நிறுத்துவேன். முதலாளி திட்டுவார். திட்டட்டும். ரசிக்கத் தெரிந்தவர்கள் ஏறாத வண்டியில் பாட்டுப் போட்டு, காய்கறி மூட்டைக்கா கேட்கப்போகிறது?

லில்லிக்குட்டியும் அப்படி ஏறியவள்தான். முன்வாசலில் ஏறி, எஞ்சின் பெட்டிக்குப் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். என் தலைக்கு மேலே இருக்கும் பெரிய கண்ணாடியில் அவள் முகம் சரியாக நடுவில் வந்து விழும். பாட்டுக்கு உதடு அசைப்பாள். எந்தப் பாட்டுக்கு அசைக்கிறாளோ அந்தப் பாட்டு மறுநாளும் அதே வளைவில் வரும். ஒரு மழைக்காலம் முழுக்க இப்படிப் போயிற்று. அவளும் ஒருநாள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். அப்புறம் வீட்டுப் பெரியவர்கள் பேசினார்கள், மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசித்தார்கள், கல்யாணம் ஆயிற்று.

இப்போது எங்கள் மகள் டெல்னா அதே காலேஜில் பி.காம். சேர்ந்திருக்கிறாள். அவள் ஸ்கூலில் படிக்கும்போதே நான் இந்த நாளுக்காகக் காத்திருந்தேன். ஜூன் மாதம் முதல் நாள், எங்கள் நிறுத்தமான பள்ளித்தாழத்தில் அவள் ஏஞ்சலில் ஏறினாள். அவள் அம்மா நின்ற அதே கம்பி, அதே கண்ணாடி. முதல் வாரத்திலேயே அவளுடைய கூட்டாளிகள் யார் யார் என்று எனக்கு அத்துப்படி ஆகிவிட்டது. உயரமாக ஒரு பெண், பல்லுக்குக் கம்பி போட்ட ஒரு பெண், நீலப் பை வைத்திருக்கும் ஒரு பையன். நான் என் சேகரிப்பிலிருந்து நல்லதாகப் பார்த்துப் பார்த்துப் பாட்டுகளைப் போட்டேன்.

இரண்டாம் வாரம் என் தலையில் கல் விழுந்தது. பள்ளித்தாழத்தில் வண்டியை நிறுத்தினேன். டெல்னா ஏறவில்லை. சிரித்துக்கொண்டே கையை ஆட்டி, போ பப்பா போ என்று சைகை காட்டினாள். யாருக்காகவோ காத்திருக்கிறாள் போலிருக்கிறது என்று கிளப்பினேன். மறுநாளும் கையாட்டினாள். அதற்கு மறுநாளும். எனக்குப் பின்னால் ராக்கெட் என்று ஒரு வண்டி வரும், அதில் ஏறிப்போகிறாள் என்று பிறகுதான் தெரிந்தது. அவள் மட்டுமில்லை. வழியில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் காலேஜ் பிள்ளைகள் ஏஞ்சலைக் கண்டால் போனைப் பார்க்கிறார்கள், வானத்தைப் பார்க்கிறார்கள், ராக்கெட் வந்ததும் முண்டியடித்து ஏறுகிறார்கள்.

என் கண்டக்டர் சுகுணனுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

"சேட்டா, கன்செஷன் படை மொத்தமும் ராக்கெட்டுக்குப் போயிடுச்சு. நாம மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்தணும்."

"நீ ஏத்திக்கோ. என் மோளும் அதுலதான் போறா."

"போகட்டுமே. நமக்கு ஒரு முழு டிக்கெட் நிக்க இடம் கிடைக்குது. பப்பா வண்டியில அவகிட்ட காசு வாங்கவா முடியும்?"

இவனோடு பேசுவதும் ஸ்டெப்னி டயரோடு பேசுவதும் ஒன்றுதான். சொந்த மகள் அப்பன் ஓட்டுகிற வண்டியை விட்டுவிட்டு எவனோ ஓட்டுகிற வண்டியில் போகிறாள், அதை ஸ்டாண்டில் உள்ள அத்தனை பேரும் பார்க்கிறார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அதைவிட, எதற்காகப் போகிறாள் என்று தெரியாதது இன்னும் எரிந்தது.

அன்று சாயங்காலம் கப்பைக்கிழங்கும் மீன்கறியும் வைத்து லில்லிக்குட்டி பரிமாறினாள். நான் பேச்சோடு பேச்சாகக் கேட்கிற மாதிரி கேட்டேன்.

"ஏன் மோளே, ஏஞ்சல்ல மூட்டைப்பூச்சியா?"

"அய்ய, அதெல்லாம் இல்ல பப்பா. ஃபிரண்ட்ஸ் எல்லாம் ராக்கெட்ல வர்றாங்க."

"அவங்க ஏன் ராக்கெட்ல வர்றாங்க?"

டெல்னா கப்பையைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்காமல், "பாட்டு" என்றாள். "அங்க புதுப்பாட்டா போடறாங்க."

"என் பாட்டுக்கு என்ன குறைச்சல்?"

"ஒண்ணுமில்ல பப்பா. நல்ல பாட்டுதான். நான் பிறக்கறதுக்கு முன்னாடி வந்த பாட்டு."

லில்லிக்குட்டி சிரித்ததில் மீன் முள் தொண்டையில் சிக்க இருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடைசியாக நான் புதுப்பாட்டு வாங்கியது எப்போது? கேசட் போய் சி.டி. வந்தது, சி.டி. போய் பென் டிரைவ் வந்தது. நான் ஒவ்வொரு தடவையும் பழைய பாட்டுகளைத்தான் புதுச் சாமானுக்குள் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். பாட்டு எந்த நிறுத்தத்தில் என் வண்டியிலிருந்து இறங்கிப்போனது என்று எனக்கே தெரியவில்லை.

சரி, அந்தப் புதுப்பாட்டுத்தான் என்ன என்று பார்த்துவிடுவோம் என்று, அடுத்த ஓய்வுநாளில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ஸ்டாண்டிலேயே ராக்கெட்டில் ஏறினேன். டிரைவர் அஜ்மல், தாடி வைத்த பையன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான்.

"தங்கச்சன் சேட்டனா? வாங்க வாங்க. சேட்டன் போட்ட பாட்டைக் கேட்டுத்தான் நான் ஸ்கூலுக்கே போனேன். எங்க உம்மா கேட்டா சொல்லுவாங்க."

"இப்ப நீ என்ன போடறன்னு கேக்கத்தான் வந்தேன்."

"நான் எங்க சேட்டா போடறேன். பிள்ளைங்க அவங்க போன்லேர்ந்து அவங்களே போட்டுக்கறாங்க. எனக்கு ஒரு எழவும் புரியறதில்ல. நான் பாட்டுக்கு ஓட்டிக்கிட்டுப் போறேன்."

இவனும் ஒரு டிரைவரா என்று நினைத்துக்கொண்டேன். பாட்டை விட்டுக்கொடுத்ததுகூடப் போகட்டும், தலைக்கு மேலே இருக்கிற கண்ணாடியில் பிளாஸ்டிக் மாலையும் கரடிப் பொம்மைகளும் தொங்கவிட்டு மொத்தமாக மறைத்து வைத்திருக்கிறான். வண்டிக்குள் என்ன நடக்கிறது என்று எப்படித் தெரியும்? நான் பின்பக்கம் ஆண்கள் சீட்டில் போய் உட்கார்ந்தேன்.

பாட்டு ஆரம்பித்தது. ஆரம்பித்ததா, ஏற்கெனவே பாதியில்தான் தொடங்கியதா என்று தெரியவில்லை. ஒருவன் மூச்சுவிடாமல் பேசுகிறான். பாதி மலையாளம், பாதி இங்கிலீஷ், மீதி அவனுக்கே வெளிச்சம். அடியில் தும், தும் என்று எஞ்சின் மவுண்டிங் போனது போல ஒரு சத்தம். பல்லவி என்று ஒன்று வருகிறது, சரணம் வரப்போகிறது என்று நான் நிமிர்ந்து உட்காருவதற்குள் பாட்டு முடிந்துபோகிறது. பாடினவனுக்கு அவசர வேலை போலிருக்கிறது. ஆனால் பிள்ளைகள் ஒருத்தர் பாக்கியில்லாமல் அத்தனை பேரும் வரிக்கு வரி கூடப் பாடுகிறார்கள். ஒரே வண்டி, ஒரே ரோடு, அவர்களுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. என் கல்யாணத்தில் என்னை யாரோ ஓரமாக உட்காரச் சொன்னது போல இருந்தது.

பள்ளித்தாழத்தில் டெல்னா முன்வாசலில் ஏறினாள். நான் பின்னால் இருப்பது அவளுக்குத் தெரியாது. ஏறியதும் ஏறாததுமாக, கம்பியைப் பிடித்துக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து வாய்விட்டுப் பாட ஆரம்பித்தாள். இந்தக் குரலை வீட்டில் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. சின்ன வயதில் குளிக்கும்போது பாடுவாள், பக்கத்து வீடுவரை கேட்கும். எங்கே நின்றுபோனதோ தெரியாது. நான் எட்டிப் பார்த்தேன். அவள் எதற்கோ திரும்பினாள், என்னைக் கண்டாள். பாதி வார்த்தையில் வாய் மூடிக்கொண்டது. உயரமான பெண்ணின் காதில் ஏதோ சொன்னாள். முன்னால் நின்ற கூட்டம் முழுக்க, வகுப்புக்குள் ஹெட்மாஸ்டர் வந்தது போல அடங்கிவிட்டது.

அப்பனுக்குப் புதுப்பாட்டு தெரியாது என்று கூச்சப்படுகிறாள், எனக்காக அவமானப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி நடந்தேன். நடக்கும்போதே தீர்மானித்துவிட்டேன். பாட்டுத்தானே? ஏஞ்சலில் புதுப்பாட்டு வரும்.

ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டோமியின் மொபைல் கடை. அவன் பாட்டு ஏற்றித் தருவான், போனுக்குக் கண்ணாடி ஒட்டுவான், ஊரில் உள்ள அறிவிப்பு வண்டிகளுக்கெல்லாம் ஒலிப்பதிவும் அவன்தான். கடையில் கூட்டம்.

"டோமி, எனக்கு இப்ப பிள்ளைங்க கேக்கற பாட்டு வேணும். பழசு ஒண்ணுகூட இருக்கக் கூடாது."

"தங்கச்சன் சேட்டனுக்கா?" அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "உடம்பு ஒண்ணுமில்லையே?"

"ஏத்திக் குடுடா. காலையில வந்து வாங்கிக்கறேன்."

காலையில் நான் போனபோது டோமி வரவில்லை, அவன் மனைவிதான் கடையைத் திறந்துகொண்டிருந்தாள். மேஜையில் ஒரே மாதிரி சிவப்பு பென் டிரைவ்கள் கிடந்தன. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவள் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள், நான் வாங்கிக்கொண்டு ஓடினேன்.

முன்னாடியே போட்டு வீணாக்க வேண்டாம், காலேஜ் பிள்ளைகள் நிற்கிற முதல் நிறுத்தத்துக்கு வரும்போது போடலாம் என்று வைத்திருந்தேன். வளைவுக்கு முன்னால் கூடுதலாக ஒரு ஹாரன் அடித்துவிட்டு, பென் டிரைவைச் செருகி, சத்தத்தை ஏற்றினேன். தாளம் வந்தது. நல்ல தாளம். செண்டையும் மிஷின் அடியும் கலந்து அப்படி ஒரு கனம். நிழற்குடையில் நின்ற பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். நாலைந்து பேர் ஏறியே விட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

தாளத்துக்கு மேலே ஒருவன் மூச்சுவிடாமல் பேச ஆரம்பித்தான். இதைத்தானே ராக்கெட்டில் கேட்டேன். ஆனால் இந்தப் பாட்டு எனக்குப் புரிந்தது. வார்த்தைக்கு வார்த்தை புரிந்தது. நாளைக்கு, நாளைக்குத்தான், உன் வாழ்க்கை மாறப்போகிறது என்கிறான். இத்தனை நாள் காத்திருந்தாயே, இன்னும் ஒரே ஒரு நாள், கையை நீட்டு என்கிறான். மறுபடியும் நாளைக்கு, நாளைக்குத்தான். பல்லவி அழகாகத் திரும்பி வந்து விழுகிறது. இதைப் போய்ப் புரியவில்லை என்றேனே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. கஷ்டப்படுகிறவனுக்கு ஆறுதல் சொல்கிற பாட்டு. முதல் பரிசு உனக்குத்தான் என்றபோது, காதலியைத்தான் அப்படிச் சொல்கிறான், என்ன கற்பனை என்று கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது. சத்தத்தை இன்னும் ஏற்றி, ஸ்டியரிங்கில் தாளம் போட்டுத் தலையை ஆட்டினேன்.

பின்னால் ஒரே சிரிப்பு. பிள்ளைகள் ரசிக்கிறார்கள் என்று நினைத்தேன். முன்சீட்டில் இருந்த மறியச் சேட்டத்தி கையில் காசை எடுத்துக்கொண்டு சுகுணனைக் கூப்பிட்டாள்.

"மோனே, ஏழுல முடியற மாதிரி ஒண்ணு குடு."

சுகுணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கம்பியில் சாய்ந்திருந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்து, காதுக்குப் பக்கத்தில் குனிந்தான்.

"சேட்டா, இது லாட்டரி வண்டி விளம்பரம். நாளைக்கு குலுக்கல்."

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது ஸ்பீக்கரில் அவன் தொடுபுழா ஸ்டாண்டில் எந்தக் கடையில் டிக்கெட் கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். நான் அணைத்தேன். கண்ணாடியில் பார்த்தால் அந்த நாலைந்து பிள்ளைகளும் போனை என் பக்கம் நீட்டிப் பிடித்திருந்தார்கள். நான் தலையை ஆட்டியது, ஸ்டியரிங்கில் தட்டியது, எல்லாம் அதற்குள் போயாயிற்று. காலேஜ்படி வரும்வரை ஏஞ்சலில் பாட்டே இல்லை. எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு அந்த ரோட்டில் நான் ஓட்டியது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் நான் வீட்டுக்குள் போனபோது லில்லிக்குட்டி நேந்திரம்பழத்தை நறுக்கிப் பழம்பொரி சுட்டுக்கொண்டிருந்தாள். டெல்னா முன்பே வந்துவிட்டிருந்தாள். அம்மாவும் மகளும் போனைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து, டெல்னா தரையிலேயே உட்கார்ந்துவிட்டிருந்தாள். என் தலையைக் கண்டதும் போனை மறைத்தாள்.

"காட்டு, நானும் பாக்கறேன்" என்றேன். "ஊரே பாத்தாச்சு."

"பப்பா, அதை ஏன் அவ்வளவு ரசிச்சுத் தலையாட்டினீங்க?"

"நல்லா இருந்துச்சு. புரிஞ்சுது. நீங்க கேக்கற பாட்டுல எனக்குப் புரிஞ்சது அது ஒண்ணுதான்."

மறுபடியும் சிரிக்க ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள்.

"எதுக்கு பப்பா இதெல்லாம்? பழைய பாட்டையே போட வேண்டியதுதானே?"

"நீ ஏஞ்சல்ல வரணும்னுதான்" என்றேன். சொல்லக் கூடாது என்று நினைத்திருந்தேன், வாயில் வந்துவிட்டது. "தினமும் கையாட்டி அனுப்பறியே. பள்ளித்தாழம் வரும்போதெல்லாம் இன்னிக்காவது ஏறுவாளான்னு பாக்கறேன். பாட்டுதான் குறைன்னா பாட்டை மாத்திடலாம்னு பார்த்தேன்."

லில்லிக்குட்டி அடுப்பைத் தணித்தாள்.

"பாட்டு இல்ல பப்பா" என்றாள் டெல்னா. "கண்ணாடி."

"எந்தக் கண்ணாடி?"

"உங்க தலைக்கு மேல இருக்கறது. எப்ப நிமிர்ந்தாலும் அதுல நீங்க இருக்கீங்க. நான் சிரிச்சாப் பாக்கறீங்க, சிரிக்கலைன்னாலும் பாக்கறீங்க. மொத வாரமே ராத்திரி சாப்பிடும்போது, அந்த நீலப் பை யாரு, அவன் சொன்னதுக்கு அவ்வளவு சிரிச்சியேன்னு கேட்டீங்க. ஞாபகமிருக்கா?"

"சும்மா தெரிஞ்சுக்கத்தானே கேட்டேன்."

"தெரியும் பப்பா. நீங்க தப்பா கேக்கல. ஆனா அதுக்கப்புறம் என்னால அங்க நின்னு பேச முடியல. என்கூட இருக்கறவங்களுக்கும் முடியல. பாட்டுன்னு சொன்னா உங்களுக்கு மனசு நோகாதுன்னு நினைச்சேன்."

"டிரைவர்னா கண்ணாடி பாக்கணும்டி. அது சட்டம்."

"ஆள் இறங்கிட்டாங்களான்னு பாக்கத்தான் சட்டம்" என்றாள் லில்லிக்குட்டி, கரண்டியோடு வந்து. "நீங்க ஒண்ணும் பேசாதீங்க மனுஷா. அந்தக் கண்ணாடியில என்னைப் பாத்துப் பாத்து எத்தனை தடவை பால் வண்டியில முட்டப் போனீங்க. எனக்குப் பிடிச்சிருந்துச்சு, நான் நின்னேன். இவளுக்குப் பிடிக்கல, இவ வேற வண்டியில போறா. அவ்வளவுதானே?"

நான் பழம்பொரியை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். பாட்டு கைவிட்டுப்போனதைக்கூட என்னால் பொறுத்துக்கொள்ள முடியும். ஊரில் எத்தனையோ பேருக்குப் போயிருக்கிறது, அஜ்மலுக்கே போய்விட்டது. ஆனால் என் கண் படுகிற இடத்தில் என் மகளால் வாய்விட்டுப் பாட முடியவில்லை என்பது எனக்கு ரொம்ப வலித்தது. நான் அவளைப் பார்த்ததெல்லாம் ஆசையாகத்தான். அது அவள் கழுத்தில் கை வைப்பது போல இருந்திருக்கிறது.

"அப்ப பாட்டு பரவால்லையா?" என்று கடைசியில் கேட்டேன்.

"பாட்டும் ரொம்ப மோசம்தான் பப்பா" என்றாள். "ஆனா அதைச் சகிச்சுக்கலாம்."

மறுநாள் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், சீட்டின் மேல் ஏறி நின்று, தலைக்கு மேலே இருந்த கண்ணாடியின் திருகைத் தளர்த்தினேன். துருப்பிடித்துப்போயிருந்தது, அசைத்து எத்தனை காலமோ. மேல்நோக்கித் திருப்பி இறுக்கினேன். சுகுணன் பையை மாட்டிக்கொண்டே வந்தான்.

"சேட்டா, கண்ணாடி கூரையைப் பாக்குது."

"பாக்கட்டும். ஆள் ஏறி இறங்கறதைப் பாக்க நீ இருக்கேல்ல. மணியை ஒழுங்கா அடி, போதும்."

"அப்ப நான் உங்களுக்குப் பின்னாடி தூங்க முடியாதா?"

"இத்தனை நாள் தூங்கினதே எனக்குத் தெரியும். ஏறு."

பள்ளித்தாழத்தில் டெல்னாவும் உயரமான பெண்ணும் இன்னும் சிலரும் நின்றிருந்தார்கள். டெல்னா வழக்கம்போலக் கையைத் தூக்கினாள். நான் முன்வாசலை அவள் காலடியில் கொண்டுபோய் நிறுத்தினேன். ஹாரன் அடிக்கவில்லை, கூப்பிடவில்லை, ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வாசல் வழியாக என் தலைக்கு மேலே பார்ப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. தூக்கிய கை அப்படியே நின்றது. பிறகு அவள் ஏறினாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் ஏறினார்கள். சுகுணன் பெருமூச்சு விட்டு, மணியை இரண்டு தடவை அடித்தான்.

"யார் போன்ல பாட்டு இருக்கோ போடுங்க" என்றேன் திரும்பாமல். "எப்படிப் போடறதுன்னு எனக்குத் தெரியாது. நீங்களே போட்டுக்குங்க."

குசுகுசுவென்று ஏதோ பேசிக்கொண்டார்கள். ஸ்பீக்கரில் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. பிறகு அந்த தும், தும். அன்று ராக்கெட்டில் கேட்ட அதே பாட்டு. அவசரக்காரன் பேச ஆரம்பித்தான். பின்னால் யாரும் பாடவில்லை. ஏற்றத்தில் இரண்டாம் கியருக்கு மாற்றினேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த ஏற்றத்துக்கு அந்தத் தாளம் சரியாகத்தான் இருந்தது.

ரப்பர் தோட்டத்து இறக்கத்தில் முதலில் ஒரு குரல் மெல்ல எழுந்தது. இன்னொன்று சேர்ந்தது. அப்புறம் மூன்றாவதாக ஒரு குரல், தயங்கித் தயங்கி வந்து, சட்டென்று மேலே ஏறிக்கொண்டது. பக்கத்து வீடுவரை கேட்கிற குரல். என் சீட்டுக்கு நேர் பின்னால், அந்தக் கம்பிக்குப் பக்கத்தில். பழக்கத்தில் நான் நிமிர்ந்தேன். கண்ணாடியில் கூரையும், கூரையில் ஒட்டியிருந்த மாதா படமும் தெரிந்தன. நான் ரோட்டைப் பார்த்தேன். அவள் தலையைப் பின்னால் சாய்த்திருப்பாளா, கண்ணை மூடியிருப்பாளா, அந்த நீலப் பை பக்கத்தில் இருக்குமா, எனக்கு ஒன்றும் தெரியாது. குரல் மட்டும் வந்துகொண்டே இருந்தது. நல்லவேளை, என் முகமும் யாருக்கும் தெரியாது.

பாட்டு திடீரென்று நின்றுவிட்டது.

"அவ்வளவுதானா?" என்றேன்.

"முடிஞ்சுது சேட்டா" என்று உயரமான பெண் பயந்துகொண்டே சொன்னாள்.

"இன்னொரு தடவை போடு."

சுகுணன் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான். "சேட்டனுக்குப் புதுப்பாட்டு பிடிச்சுப்போச்சா?"

"ஆமா" என்றேன். "நல்லா இருக்கு."

அதில் ஒரு வார்த்தைகூட எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஆனால் காலேஜ்படி வரும்வரை அன்று வேறு பாட்டுப் போட நான் விடவில்லை.